மூன்றடிக்குக் குறைந்த விருந்தாளி

கழக்கூட்டத்தைச் சுற்றி வாடகை வீடுகளில் இருக்கும் இளம் தமிழ்க் குடும்பங்களுக்கு வெள்ளிக்கிழமை மாலையானால் ஒரே கேள்விதான்: நாளைக்குப் பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு போவது? 1990ல் டெக்னோபார்க் வந்த நாளிலிருந்து நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து வேலைக்கு வந்து தங்குகிறவர்களுக்கு இந்த ஊரில் வீடு கிடைத்துவிடுகிறது, மலையாளமும் ஆறு மாதத்தில் வந்துவிடுகிறது. பொழுதுதான் போகமாட்டேன் என்கிறது. பிள்ளைக்கு ஒன்றரை வயதாகி, பிடித்த கையை உதறிவிட்டு ஓட ஆரம்பித்ததும் கேள்வி சூடு பிடிக்கிறது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் போன வாரம் போய்வந்த தீம் பார்க் படங்களை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் ஆச்சி, "மக்களே, பிள்ளைய ஒரு எடத்துக்கும் கூட்டிட்டுப் போவலியா?" என்று கேட்டுவிடுகிறார். பிறந்தநாள் வேறு வருகிறது. முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது. அதில் கலந்துகொள்ளாத ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். பிளஸ் டூ முடித்த பையனை எந்தப் படிப்பில் தள்ளுவது என்று சொந்தக்காரர்கள் கூடித் தீர்மானிக்கும் அதே முறை, இரண்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. இப்படித் தீர்மானித்த பயணங்கள் எப்படி முடிகின்றன என்பதை எந்தப் பொழுதுபோக்குப் பூங்காவின் வாசலிலும் பிற்பகல் மூன்று மணிக்குப் பார்க்கலாம்: அழுது ஓய்ந்து தோளில் துவண்டு கிடக்கும் குழந்தை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடக்கும் கணவன் மனைவி, பாதி தின்ற பஞ்சுமிட்டாய்.

இருக்கிற வழிகளை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்தவைதான். கழக்கூட்டத்திலேயே கின்ஃப்ரா வளாகத்துக்குள் மேஜிக் கலைஞர் கோபிநாத் முதுகாடு 2014ல் தொடங்கிய மேஜிக் பிளானெட் இருக்கிறது. பைபாஸில் தெற்கே இறங்கினால் ஆக்குளம் பக்கம் 2021 டிசம்பரில் திறந்த லூலு மால், அதற்குள் குழந்தைகளுக்கான விளையாட்டரங்கம். ஆக்குளம் காயலோரத்தில் சுற்றுலாக் கிராமமும் சிறுவர் பூங்காவும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் காயல் கடலைத் தொடும் வேளி. வெம்பாயம் பக்கம் ஹேப்பிலேண்ட் நீர்ப் பூங்கா. தும்பாவில் ஒரு பழைய மாதாகோவிலுக்குள் விண்வெளி அருங்காட்சியகம். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய இடம் என்பதால் பெற்றோருக்குப் புல்லரிக்கும், பிள்ளைக்கு அங்கே செடிக்குத் தண்ணீர் விடும் குழாய்தான் ராக்கெட். நகரத்துக்குள் மிருகக்காட்சிசாலை. இவை எல்லாவற்றுக்கும் மேலே, ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் வடக்கே, 2000ல் வீகாலேண்ட் என்று தொடங்கி இப்போது வொண்டர்லா என்று பெயர் பெற்றிருக்கும் கொச்சிப் பூங்கா. ஸ்டேட்டஸ்களில் வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். ஆகவே இந்தக் கட்டுரையிலும் அதற்கே அதிக இடம் போகப்போகிறது. மற்றவை கோபித்துக்கொள்ளக் கூடாது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு 'இடம்' என்று ஒன்று கிடையாது. 'இது' என்று ஒன்றுதான் உண்டு. நாம் வேளிக்குப் போகிறோம், அது படிக்கட்டுக்குப் போகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பத்தொன்பதாவது தடவையும் முதல் தடவையின் ஆனந்தத்தோடு ஏறுகிறது. நமக்கு அது சலிப்பு. அதற்கு அது உத்தியோகம். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்துதான் அந்த வயதில் உடம்பும் மூளையும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்கின்றன. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இங்கே கைகொடுக்கும். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாட வேண்டும். பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது. மூன்று, நான்கு வயதில் தூக்கம் 10 முதல் 13 மணி நேரமாகக் குறைகிறது. ஓட்டமும் கட்டிவைக்கும் கணக்கும் குறைவதில்லை. இந்த மூன்றோடு நான்காவதாக ஓர் அளவுகோலை நானே சேர்க்கிறேன். போய்ச் சேர்ந்த நாற்பதாவது நிமிடத்தில் பிள்ளை 'போதும்' என்று காட்டினால், வயிறு எரியாமல் உங்களால் திரும்பி வர முடியுமா? முடியும் என்றால் அது நல்ல இடம்.

தீம் பார்க் இந்த நான்கிலும் தோற்கிறது. கட்டியவர்களின் குற்றமல்ல, அது வேறொருவருக்காகக் கட்டப்பட்டது. வால்ட் டிஸ்னிக்கு அந்த யோசனை வந்த கதை பிரசித்தம். லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பூங்காவில் அவருடைய இரண்டு மகள்களும் குடைராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாராம். அப்பா அம்மாவும் பிள்ளைகளோடு சேர்ந்து மகிழும்படி ஓர் இடம் இருக்கக் கூடாதா என்று தோன்றியதாம். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாசமுள்ள தகப்பனைப் பார்க்கிறார்கள். எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது: அந்தக் காட்சியில் குழந்தைகளுக்கு எந்தக் குறையும் இல்லை. குடைராட்டினம் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. போரடித்தது பெஞ்சில் இருந்தவருக்கு. தீம் பார்க் என்ற கண்டுபிடிப்பின் வேரில் இருப்பது பெரியவரின் சலிப்பு. 1984ல் டெல்லியில் வந்த அப்பு கர், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' தந்த நவோதயா அப்பச்சன் தாம்பரம் பக்கம் அமைத்த கிஷ்கிந்தா, பிறகு கொச்சி வீகாலேண்ட் என்று நம் பக்கம் வந்தவையும் அதே அச்சில் வார்த்தவை. சாதாரணமானவற்றைப் பார்த்துப் பார்த்து அலுத்தவனுக்கு அசாதாரணத்தைக் காட்டி உலுக்குவது அவற்றின் தொழில். இரண்டு வயதுக்காரனுக்கு இன்னும் எதுவும் அலுக்கவில்லை. மின்விசிறி சுற்றுவதே அவனுக்கு ராட்சத ராட்டினம். அவனிடம் போய் உலுக்க என்ன இருக்கிறது?

இதற்குப் பூங்காக்களே சாட்சி சொல்கின்றன, டிக்கெட் பலகையில். பெரும்பாலான பூங்காக்கள் குழந்தைக் கட்டணத்தை வயதால் அல்ல, உயரத்தால் தீர்மானிக்கின்றன. மிகக் குள்ளமானவர்களுக்குக் கட்டணமே இல்லை என்று வைத்திருப்பவையும் உண்டு. பெற்றோர் இதை ஒரு சலுகையாகப் பார்த்து மகிழ்கிறார்கள். வியாபாரி எதை இலவசமாகக் கொடுப்பான்? விற்க முடியாததை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் 86, 87 சென்டிமீட்டர். மூன்று வயதில் 95, 96. மூன்றடியைத் தொட இன்னும் கொஞ்சம் பாக்கி அல்லது தொட்டுக் கொஞ்சம் தாண்டல். பெரிய ரைடுகளின் வாசலில் 120 சென்டிமீட்டர், 140 சென்டிமீட்டர் என்று கோடு போட்டிருக்கும். 120ஐ எட்ட ஒரு குழந்தைக்கு ஏழு வயது வாக்கில் ஆகும். அதாவது அந்தப் பூங்காவின் முக்கியமான விஷயங்கள் எல்லாம் உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஐந்து வருடம் தள்ளி இருக்கின்றன. 'உங்கள் பிள்ளை எங்கள் வாடிக்கையாளர் அல்ல' என்று அந்த இலவச டிக்கெட் மரியாதையாகச் சொல்கிறது. நாம்தான் கேட்பதில்லை. அவனுக்கு எஞ்சுவது ஒரு மூலையில் உள்ள சின்ன ரயிலும் சுற்றும் கிண்ணமும் சறுக்குமரமும். அவற்றில் சறுக்குமரம் கழக்கூட்டத்தில் பல அடுக்ககங்களின் கீழேயே இருக்கிறது.

தூரத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. கழக்கூட்டத்திலிருந்து கொச்சிக்குச் சாலை வழியில் போனால், வழியில் நிறுத்தங்களையும் சேர்த்து, ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. போக ஐந்து, வர ஐந்து. ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்காதே என்று சொல்லப்பட்ட குழந்தையைப் பத்து மணி நேரம் கட்டிவைத்துக் கூட்டிப்போய், பகல் தூக்கத்தின் நேரத்தில் வரிசையில் நிறுத்தி, அது அழுதால் 'இவ்வளவு தூரம் வந்து இப்படிப் படுத்துகிறாயே' என்று அதட்டுவது எந்த ஊர் நியாயம்? இடையில் ஒரு நாள் விடுதியில் தங்குகிறோம் என்பார்கள். தங்கலாம், ஆனால் புது இடத்தில் முதல் நாள் ராத்திரி தூங்காத குழந்தைகளே அதிகம். காசும் இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது. பெரியவர்கள் இருவருக்கு முழு டிக்கெட், பெட்ரோல், அறை, சாப்பாடு என்று செலவழித்தபின் பெற்றோரின் கண் பிள்ளையின் முகத்தில் இருப்பதில்லை, கடிகாரத்தில் இருக்கிறது. கொடுத்த காசுக்கு இன்னும் எத்தனை பாக்கி? குழந்தை ஒரு எறும்பு வரிசையைக் கண்டு குந்தி உட்காருகிறது. அந்த நாளின் மிக நல்ல கணம் அதுவாகத்தான் இருக்கும். 'எறும்பை வீட்டில் பார்த்துக்கலாம், வா' என்று இழுத்துக்கொண்டு போகிறார்கள். நாற்பது நிமிடத்தில் திரும்பத் தயாராக இல்லாத இடத்தில் குழந்தையின் விருப்பம் எப்போதும் இடைஞ்சலாகவே தெரியும்.

நீர்ப் பூங்கா என்றால் இன்னும் நிதானமாக யோசிக்க வேண்டும். கேரளத்தின் புழுக்கத்தில் தண்ணீர் என்றாலே குழந்தைக்குக் கொண்டாட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆள் சிறிதாக இருக்க இருக்க, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். உடம்புச் சூடு தண்ணீரில் வேகமாக இறங்கிவிடும். உதடு நீலமாகி நடுங்கும் குழந்தை 'இன்னும், இன்னும்' என்றுதான் சொல்லும். கணுக்கால் ஆழத் தண்ணீரில்கூட முகம் கவிழ விழுந்தால் அந்த வயதில் எழத் தெரியாது, சத்தமும் வராது. உயிர்காப்பாளர் இருக்கிறார் என்பது பதில் அல்ல, கை எட்டும் தூரத்தில் பெற்றோரில் ஒருவர் இருக்க வேண்டும், போனைக் காரில் வைத்துவிட்டு. தண்ணீருக்கான டயப்பர் என்று கடையில் விற்பது கெட்டியானதைத் தடுக்கும், மற்றதைத் தடுக்காது. வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் நன்றாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் சில நாட்கள் தாக்குப்பிடிக்கும். விழுங்காதே என்று சொன்னால் விழுங்காத வயதும் அல்ல. 2024லும் 2025லும் கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டம் உட்பட, அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியது செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். மூக்கு வழியாக ஏறுகிற நோய் அது. மிக அரிது, வந்தால் மிகக் கொடியது. சரியாகக் குளோரின் போட்டுப் பராமரிக்கும் தொட்டியில் அந்த அபாயம் மிகக் குறைவு. தேங்கிய குளமும் பராமரிப்பு தெரியாத தொட்டியும் வேறு கதை. மூக்கில் தண்ணீர் ஏறாமல் குளிக்க இரண்டு வயதுக்குத் தெரியாது என்பதுதான் இதில் யோசிக்க வேண்டியது. தண்ணீர்தான் வேண்டும் என்றால் மொட்டை மாடியில் ஓர் அகலமான பேசின், இரண்டு டம்ளர், ஒரு வடிகட்டி. முக்கால் மணி நேரம் உத்தரவாதம். நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் இங்கேயும் மாறாது.

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு என்று தெரியும். 'எங்கள் பிள்ளை அங்கே சிரித்துக்கொண்டே இருந்தானே' என்பது முதலாவது. சிரித்திருப்பான். கண்ணாமூச்சிக்கும் அப்படித்தான் சிரிப்பான், துண்டை முகத்தில் போட்டு எடுத்தாலும் அப்படித்தான். சிரிப்பு அந்த இடத்தின் சாதனை அல்ல, அவனுடையது. இரண்டாவது, நினைவுகள். இங்கே அறிவியல் கொஞ்சம் கறாராக இருக்கிறது: பெரியவர்களிடம் அவர்களுடைய முதல் நினைவு எந்த வயதுக்குரியது என்று கேட்டுக் கணக்கெடுத்தால் சராசரி மூன்று, மூன்றரை வயதில்தான் நிற்கிறது. அதற்கு முந்தையவை பெரும்பாலும் கரைந்துவிடுகின்றன. அப்படியானால் இரண்டு வயதுக் குழந்தையை எங்குமே கூட்டிப்போக வேண்டாமா என்று கேட்டால், அது தவறான முடிவு. நினைவில் தங்காதது உடம்பில் தங்கும். அம்மாவின் மடியில் பயமில்லாமல் புதிதாக ஒன்றைப் பார்த்த அனுபவம் வீணாவதில்லை. ஆனால் அந்த அனுபவத்துக்கு இருநூறு கிலோமீட்டர் தேவையில்லை என்பதே என் வாதம். படங்கள் உங்களுக்குத்தான் என்றால் தாராளமாக எடுங்கள், 'குழந்தைக்காகப் போனோம்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மூன்றாவது மறுப்பு வலுவானது: எட்டு வயது அக்கா இருக்கிறாள், அவளுக்குப் போக வேண்டும். நியாயம், தம்பி பிறந்ததற்காக அவள் தண்டனை அனுபவிக்க முடியாது. அப்படியென்றால் குடும்பத்தைப் பிரியுங்கள். அப்பா அக்காவோடு பூங்காவுக்கு, அம்மா தம்பியோடு வீட்டில்; அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம். எல்லோரும் சேர்ந்து போனால்தான் குடும்பம் என்ற எண்ணத்தில் இருவருக்குமே அரை நாள்தான் கிடைக்கிறது. நான்காவது: பெற்றோருக்கு மட்டும் ஓய்வு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆச்சி ஊரிலிருந்து வந்திருக்கிறார் அல்லவா? பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் போய் ரோலர் கோஸ்டரில் கத்திவிட்டு வாருங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஐந்தாவது மறுப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை: சின்ன வயதிலேயே பழக்கினால் பயம் தெளியும் என்பது. அழுகிற குழந்தையை வேடமணிந்த பொம்மை மனிதனின் கையில் திணித்துப் படம் எடுப்பது, இருட்டுக் குகை ரயிலில் ஏற்றுவது, கதறக் கதறத் தண்ணீரில் இறக்குவது. வேடத்துக்குள் மனிதன் இருக்கிறான் என்று உறுதியாகப் புரியாத வயது அது. நீங்கள் அழுகையை மீறித் தள்ளும்போது அது பயத்தை விடக் கற்பதில்லை. பயந்தால் உங்களிடம் வந்து பயனில்லை என்று கற்கிறது.

பக்கத்து வழிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மேஜிக் பிளானெட் எனக்கு மதிப்புள்ள இடம். தெருவில் வித்தை காட்டிப் பிழைத்த கலைஞர்களுக்கு மேடை கொடுத்தது. ஆனால் மாயாஜாலம் ஒரு பேரம்: உலகம் இப்படித்தான் நடக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவனிடம் மட்டுமே அதை மீறிக் காட்ட முடியும். ஏமாற்றப்படுவதை ரசிக்க, அடுத்தவன் மனதில் ஒன்றும் நம் மனதில் வேறொன்றும் இருக்க முடியும் என்று தெரிய வேண்டும். விம்மர், பெர்னர் இருவரும் 1983ல் வெளியிட்ட சோதனைக்குப்பின் நடந்த ஆய்வுகள் பலவும் அந்தத் தெளிவு நான்கு வயது வாக்கில்தான் வருகிறது என்கின்றன. சில மாதக் குழந்தைகூட நடக்க முடியாதது நடந்தால் அதிக நேரம் உற்றுப் பார்க்கும் என்று 1985லேயே பாய்லார்ஜான் காட்டினாரே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். உற்றுப் பார்ப்பது வேறு, இருண்ட அரங்கில் உட்கார்ந்து கைதட்டுவது வேறு. ஐந்து வயதில் கூட்டிப்போங்கள், வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது, எங்கும் ஓடிவிடாது. மால் விஷயம் எளிது: கொட்டும் மழைக்கும் கொளுத்தும் ஏப்ரலுக்கும் அது நல்ல கூரை, சுத்தமான கழிப்பறை, குழந்தைக்குத் துணி மாற்ற இடம். சத்தமும் வெளிச்சமும் அதிகம், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம். வார நாள் காலை பத்து மணிக்கு எஸ்கலேட்டரைப் பார்க்கப் போவது நல்ல பயணம். ஏற அல்ல, பார்க்க.

வேளி இன்னும் மேல். கானாயி குஞ்ஞிராமன் அங்கே செய்து வைத்திருக்கும் பிரம்மாண்டச் சங்கு கலை விமர்சகர்களுக்கு ஒன்று, குழந்தைக்குச் சுற்றிச் சுற்றி ஓட ஒன்று. 2020ல் தொடங்கிய, சூரிய சக்தியில் ஓடும் குட்டி ரயில் உண்டு. ஓடுகிற நாளா என்று விசாரித்துக்கொண்டு போனால் வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட அங்கே மணல் இருக்கிறது. மணலுக்கு உயரக் கட்டுப்பாடு கிடையாது, வரிசை கிடையாது, முடிவும் கிடையாது. ஆனால் மணலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கடற்கரையில் 'கள்ளக்கடல்' என்று மீனவர்கள் சொல்லும் ஒன்று உண்டு: உள்ளூரில் காற்றே இல்லாதபோது, எங்கோ தெற்கே நடுக்கடலில் எழுந்த புயலின் அலை திருடனைப்போல் வந்து கரையேறும். மழைக்காலத்துக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் முன்னெச்சரிக்கை தருகிறது. அது வந்த நாளிலும் பருவமழைக் காலத்திலும் கரைப்பக்கம் போகவே வேண்டாம். அலைக்கு எதிர்ப்பக்கம், காயலை விட்டும் தள்ளி, மேட்டு மணலில் உட்கார வையுங்கள். இன்னும் மலிவான ஒன்று வேண்டுமா? கழக்கூட்டம் ரயில் நிலையத்தில் ஒரு நடைமேடை டிக்கெட். கோட்டுக்கு வெகு பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு வண்டி கடந்து போவதைப் பார்த்துவிட்டு, ஒரு பழம்பொரியோடு வீடு திரும்பலாம். நான்கு அளவுகோலிலும் தேறும்.

மிருகக்காட்சிசாலை விஷயத்தில் எனக்குப் பாரபட்சம் உண்டு, முன்னாலேயே ஒப்புக்கொள்கிறேன். மிருகங்களை அடைத்து வைப்பது சரியா என்ற வழக்கு பழையது, அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால் 1850களின் கடைசியில் தொடங்கிய இந்தத் தோட்டத்தைப்போல் இரண்டு வயதுக்குப் பொருந்தும் இடம் திருவனந்தபுரத்தில் வேறில்லை என்று நினைக்கிறேன். கழக்கூட்டத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் போலத்தான். பெரிய மரங்கள், மேடும் பள்ளமுமான பாதைகள், நடந்து கீழே விழ மண். நீர்யானை முங்கி எழுவதைப் பார்க்க எந்த முன்னறிவும் வேண்டாம். முங்கினால் இல்லை, எழுந்தால் இருக்கிறது. கண்ணாமூச்சியையே ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர் ஆடிக் காட்டுவதுபோல. குழந்தை நீர்யானையை விட்டுவிட்டுக் காக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாலும் நஷ்டமில்லை, காக்கையும் பறவைதான். நுழைவுச்சீட்டு விலை பயணத்தை நாற்பது நிமிடத்தில் முடித்துக்கொள்ள விடும். பக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸை வடிவமைத்த அதே ராபர்ட் சிஷோமின் நேப்பியர் அருங்காட்சியகம், 1880ல் முடிந்த கட்டடம். உள்ளே போக வேண்டாம், வெளித்தோட்டத்துப் புல்வெளியில் பிள்ளை உருளும்போது நீங்கள் அதன் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெரியவரின் சலிப்புக்கும் மருந்து வேண்டும் என்ற டிஸ்னியின் கவலை நியாயமானது, அதற்கு இந்தக் கூரை போதும்.

இவ்வளவும் பொதுவிதி, உங்கள் பிள்ளை பொதுவிதி அல்ல. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் இருவரும் 1956ல் நியூயார்க்கில் தொடங்கி வருடக்கணக்கில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நூற்றில் நாற்பது பேர் புதியதோடு எளிதில் ஒட்டிக்கொள்கிறவர்கள், பத்துப் பேர் முரண்டு பிடிக்கிறவர்கள், பதினைந்து பேர் ஓரமாக நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு மெல்லச் சேர்ந்துகொள்கிறவர்கள். மீதிப் பேர் எதிலும் அடங்காத கலவை. அந்த மூன்றாவது வகைப் பிள்ளையைத்தான் நாம் 'கூச்சம்', 'பயந்தாங்கொள்ளி' என்று பெயர் சூட்டிக் கெடுக்கிறோம். அவனுக்கு வேண்டியது நேரம். ஊஞ்சலருகே இருபது நிமிடம் நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பான், இருபத்தோராவது நிமிடத்தில் தானே போய்ப் பிடிப்பான். அந்த இருபது நிமிடத்தைக் கொடுக்கத் தெரிந்த பெற்றோர், பதினைந்து வருடம் கழித்து அவன் எந்தப் பாடம் எடுப்பது என்று திணறும்போதும் பக்கத்தில் நிற்கத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். அன்றைக்கும் ஆச்சிகள் கேட்பார்கள், ஸ்டேட்டஸ்கள் வரும், பக்கத்து வீட்டுப் பையன் எங்கோ சேர்ந்திருப்பான். எதில் குந்தி உட்காருகிறான், எதை இன்னொரு தடவை என்கிறான், எதைக் கண்டு முகம் திருப்புகிறான் என்பதைக் கவனிக்கும் பயிற்சியை இப்போதே, எறும்பு வரிசையில் தொடங்கலாம்.

நாளைக்கே கிளம்புவதென்றால் காலையிலேயே, வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். பிள்ளை தூங்கும் நேரத்துக்கு வீட்டில் இருக்கும்படி திரும்புங்கள். ஒரு மாற்றுத்துணி, தண்ணீர், வாழைப்பழம், தொப்பி; பொம்மை எதுவும் வேண்டாம். இடம் ஒன்றே ஒன்று. இரண்டாவது இடத்தையும் 'வழியில்தானே' என்று சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். மிருகக்காட்சிசாலை என்று முடிவானால் திங்கட்கிழமை மட்டும் போய் நிற்க வேண்டாம், அன்று அதற்கு வார விடுமுறை.